பயிர்க்காவல் துப்பாக்கி: படத்தில் எண் தெரியலாமா?

நிலக்கடலை காய் பிடித்து, மக்காச்சோளக் கதிர் பால் கட்டும் பருவம் வந்துவிட்டால் மலையடிவார விவசாயிக்கு இரவில் உறக்கம் இல்லை. தாளவாடியானாலும் சரி, ஜவ்வாது மலை அடிவாரமானாலும் சரி, தென்காசி மாவட்டத்துக் கடையம் பக்கமானாலும் சரி, நிலைமை ஒன்றுதான். காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரு முறை காட்டுக்குள் புகுந்து போனால், பல மாத உழைப்பு ஒரே இரவில் மண்ணாகிவிடும். பரண் கட்டிக் காவல் இருப்பதும், தகரத்தைத் தட்டுவதும், பழைய சேலைகளை வரப்பைச் சுற்றிக் கட்டுவதும் ஊர்தோறும் நடப்பவை. இவற்றோடு, ஒரு சில குடும்பங்களில் அரசின் உரிமம் பெற்ற துப்பாக்கியும் உண்டு.

இது புதிய ஏற்பாடு அல்ல. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்திலேயே, பயிர்ப் பாதுகாப்புக்காகக் குழல்வாய் வழியாக மருந்து கிட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்குவது பற்றித் தனியாகக் கூறப்பட்டுள்ளது. உரிமப் புத்தகத்தில் எஸ்.பி.எம்.எல். என்று எழுதியிருப்பது இந்த ஒற்றைக் குழல் துப்பாக்கியைத்தான். பல வீடுகளில் தாத்தா காலத்திலிருந்து முறைப்படி உரிமம் மாற்றப்பட்டு வந்தவை இவை. முன்பெல்லாம் இந்தத் துப்பாக்கியைப் பற்றி ஊரில் நான்கு பேருக்குத் தெரியும். போலீஸ் நிலையத்துக்குத் தெரியும். மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரியும். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது.

இன்று நிலைமை மாறிவிட்டது. ஆயுத பூஜையன்று அரிவாள், கடப்பாரை, டிராக்டர் ஆகியவற்றுடன் துப்பாக்கிக்கும் சந்தனப் பொட்டு வைக்கிறார்கள். மகன் கைப்பேசியில் ஒரு படம் எடுக்கிறான். அடுத்த நிமிடம் அது உழவர் குழுவுக்குப் போகிறது. அங்கிருந்து உறவினர் குழுவுக்கும், முகநூலுக்கும் போகிறது. படம் எடுத்தவனுக்குத் தீய எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒரு படம், வீட்டுக்குள் இருந்த செய்தியை வீதியில் கொட்டிவிடுகிறது. இதைப் பற்றி நம் கிராமங்களில் யாரும் எச்சரிப்பதில்லை. எச்சரிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஒரு படம் என்னென்ன சொல்கிறது?

ஓர் உழவர் குழுவில் இப்படி ஒரு படம் வருவதாக வைத்துக்கொள்வோம். வீட்டுத் திண்ணையில் பெரியவர் ஒருவர் துப்பாக்கியை மடியில் வைத்து அமர்ந்திருக்கிறார். பக்கத்தில் பேரன் பள்ளிச் சீருடையில் நிற்கிறான். பின்னால் டிராக்டர். படத்தின் கீழே "நம்ம ஐயாவோட துப்பாக்கி, 60 வருசமா இருக்கு" என்று ஒரு வரி. குழுவில் ஒருவர், "அண்ணே, நல்லா இருக்கே, என்ன விலை?" என்று கேட்கிறார். "எங்க வச்சிருக்கீங்க?" என்று இன்னொருவர் கேட்க, "உள் ரூம் பரண்லதான்" என்று பதில் போகிறது.

இனி இந்தப் படத்தை ஒரு திருடன் பார்க்கும் கண்ணோடு பார்க்க வேண்டும். குழலின் அடிப்பக்கத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் பெரிதாக்கிப் படித்துவிடலாம். டிராக்டரின் பதிவு எண்ணிலிருந்து மாவட்டம் தெரியும். பேரனின் சீருடையில் உள்ள முத்திரையிலிருந்து பள்ளி தெரியும். பள்ளி தெரிந்தால் ஊர் தெரியும். கதவு எண் பலகையிலிருந்து வீடு தெரியும். பின்னணியில் கோயில் கோபுரமோ, மேல்நிலை நீர்த்தொட்டியோ இருந்தால் தெருவே தெரிந்துவிடும். துப்பாக்கி எந்த அறையில் இருக்கிறது என்பதை வீட்டுக்காரரே சொல்லிவிட்டார். அடுத்த வாரம் "குடும்பத்துடன் பழனி பயணம்" என்று அதே குழுவில் இன்னொரு படம் வந்தால், திருடனுக்கு நாளும் குறித்துக் கொடுத்தாயிற்று.

நகை திருட்டுப் போனால் இழப்பு அந்தக் குடும்பத்தோடு நிற்கும். துப்பாக்கி திருட்டுப் போனால் அப்படி நிற்காது. அதை வைத்து வழிப்பறி நடக்கலாம். காட்டில் மான் வேட்டை நடக்கலாம். யாராவது உயிர் இழக்கலாம். அந்தத் துப்பாக்கி பிடிபடும்போது, அதன் எண்ணை வைத்து முதலில் தட்டப்படுவது உரிமதாரரின் கதவுதான். அவர் குற்றமற்றவர் என்று முடிவில் தெரியலாம். ஆனால் அதுவரை விசாரணைக்கு அலைவதும், உரிமத்தை இழக்கும் அபாயமும், ஊரார் பேச்சும் அவருக்குத்தான். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஒரு பருவம் முழுக்க அலைவது என்றால் அந்தப் பருவத்து வெள்ளாமை போயிற்று என்று பொருள்.

திருட்டு மட்டுமே ஆபத்து என்றும் எண்ண வேண்டாம். உரிமப் புத்தகத்தின் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டால், அதில் உரிமதாரரின் புகைப்படம், தந்தை பெயர், முகவரி, கையெழுத்து, யு.ஐ.என். எனப்படும் தனி அடையாள எண் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகின்றன. அந்தப் படத்தைக் காட்டி, "இந்தத் துப்பாக்கி விற்பனைக்கு, முன்பணம் அனுப்பவும்" என்று எவனோ ஒருவன் ஏமாற்ற முடியும். உரிமம் இல்லாத ஒரு நாட்டுத் துப்பாக்கியில் அதே எண்ணைப் பொறித்துக்கொள்ளவும் முடியும். ஊசி இடம் கொடுத்தால்தானே நூல் நுழையும்?

படத்துக்குள் ஒளிந்திருக்கும் இடக்குறிப்பு

கண்ணுக்குத் தெரியும் விவரங்கள் ஒருபுறம். கண்ணுக்குத் தெரியாத விவரம் ஒன்றும் உண்டு. கைப்பேசிக் கேமராவில் இடம் காட்டும் வசதி திறந்திருந்தால், படம் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் அந்தப் படத்துக்குள்ளேயே பதிந்துவிடும். எடுத்த நாள், நேரம், கைப்பேசியின் வகை ஆகியவையும் சேர்ந்தே பதியும்.

இந்தக் குறிப்பு எவ்வளவு துல்லியமானது? அட்சரேகையில் ஒரு பாகை என்பது ஏறக்குறைய 111 கிலோமீட்டர். அதே எண்ணைப் புள்ளிக்குப் பின் 4 இலக்கம் வரை எழுதினால் சுமார் 11 மீட்டருக்குள் இடத்தைக் குறித்துவிடலாம். 5 இலக்கம் என்றால் சுமார் 1 மீட்டர். திறந்தவெளியில் சாதாரணக் கைப்பேசியே ஏறக்குறைய 5 மீட்டர் பிழைக்குள் இடத்தைச் சொல்லிவிடும். தென்னைக்குத் தென்னை நாம் விடும் இடைவெளி 25 அடி, அதாவது ஏழரை மீட்டர். அப்படியானால், தோப்பில் எந்த மரத்தடியில் நின்று படம் எடுத்தோம் என்பதுவரை அந்தக் குறிப்பு சொல்லக்கூடும்.

விவசாயிகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சொட்டுநீர் மானியத்துக்கும், பயிர்ச்சேத விண்ணப்பத்துக்கும் இடக்குறிப்புடன் கூடிய படம் கேட்கிறார்கள். அதற்காகப் பலர், ஊர்ப் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம் எல்லாம் படத்தின் மேலேயே அச்சாகும் கேமராச் செயலியைக் கைப்பேசியில் போட்டு வைத்திருக்கிறார்கள். வயலுக்கு அது நல்லது. அரசுக்குச் சான்று வேண்டும். ஆனால் அதே செயலியில் துப்பாக்கியையும் படம் எடுத்தால், வீட்டு முகவரியைத் துப்பாக்கியின் மேல் ஒட்டி ஊருக்குக் காட்டியது போல ஆகும். ஒரு மடையில் நீர் பாய்ச்சுகிறோம் என்பதற்காக எல்லா மடையையும் திறந்து வைப்பதில்லை அல்லவா?

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது, உள்ளே பதிந்த இடக்குறிப்பு பெரும்பாலும் நீங்கிவிடும். படம் தெளிவாகப் போக வேண்டும் என்று அதையே 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால், குறிப்பும் சேர்ந்தே போகும். மின்னஞ்சலில் இணைத்து அனுப்பினாலும் அப்படியே. செயலி படத்தின் மேலேயே அச்சிட்ட முகவரியோ எந்த வழியில் அனுப்பினாலும் நீங்காது.

வெளிநாடுகளில் கற்ற பாடம்

2012 டிசம்பரில் ஜான் மெக்காஃபி என்ற மென்பொருள் தொழிலதிபரை, பெலிஸ் நாட்டுப் போலீசார் ஒரு விசாரணைக்காகத் தேடிக்கொண்டிருந்தனர். அவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. அவரைச் சந்தித்த ஒரு பத்திரிகை, அவருடைய படத்தை இணையத்தில் வெளியிட்டது. படத்துக்குள் இருந்த இடக்குறிப்பை யாரும் நீக்கவில்லை. அவர் குவாத்தமாலா நாட்டில் இருப்பது உலகுக்கே தெரிந்துபோயிற்று. கணினியிலேயே ஊறியவரின் விஷயத்திலேயே இப்படி நடந்தது என்றால், மற்றவர்கள் எம்மாத்திரம்?

அதே மாதத்தில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 'தி ஜர்னல் நியூஸ்' என்ற நாளிதழ், வெஸ்ட்செஸ்டர், ராக்லண்ட் ஆகிய இரண்டு பகுதிகளில் கைத்துப்பாக்கி அனுமதி பெற்றவர்களின் பெயரையும் முகவரியையும் வரைபடமாக இணையத்தில் வெளியிட்டது. திருடர்களுக்கு வழி காட்டுகிறீர்கள் என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. 2013 ஜனவரியில் அந்த வரைபடம் நீக்கப்பட்டது. உரிமதாரர் விரும்பினால் தம் விவரத்தை வெளியிடாமல் இருக்கக் கேட்டுக்கொள்ளலாம் என்று அந்த மாதமே மாநிலச் சட்டத்தில் வழி செய்யப்பட்டது.

2022 ஜூன் மாதம் கலிஃபோர்னியா மாநிலத்தில் இதைவிடப் பெரிய தவறு நேர்ந்தது. துப்பாக்கி பற்றிய புள்ளிவிவரங்களை வெளியிட முனைந்த அந்த மாநில அரசுத் துறையின் இணையதளத்தில், மறைத்துத் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி கேட்ட சுமார் 1,92,000 பேரின் பெயர், முகவரி, பிறந்த தேதி முதலிய விவரங்கள் தவறுதலாக வெளியாகிவிட்டன.

அந்த நாட்டின் துப்பாக்கிப் பழக்கம் வேறு, நம் நாட்டின் சட்டம் வேறு. இருந்தாலும் பாடம் ஒன்றுதான். யார் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்ற பட்டியல் வெளியே போனால், அதைத் திரும்பப் பெற முடியாது. அங்கே பத்திரிகையும் அரசுத் துறையும் தெரிந்தோ தெரியாமலோ செய்ததை, இங்கே நாமே ஒவ்வொரு படமாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

எண்ணைப் படத்தில் மறை, துப்பாக்கியில் தொடாதே

இந்த இடத்தில் ஒரு பெரிய எச்சரிக்கை தேவை. "எண் வெளியே தெரியக்கூடாது" என்று கேட்டதும், துப்பாக்கியில் உள்ள எண்ணையே அரத்தால் ராவிவிடலாமா என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, துப்பாக்கியில் பொறித்துள்ள பெயர், எண், அடையாளக் குறி எதையும் அழிப்பதையும் மாற்றுவதையும் தடை செய்கிறது. எண் அழிந்த துப்பாக்கி ஒருவரிடம் இருந்தால், அவரே அதை அழித்தார் என்றுதான் சட்டம் கருதும். இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமை அவர் தலையில் விழும்.

துருப்பிடித்த பழைய துப்பாக்கியைப் பளபளப்பாக்குகிறேன் என்று உப்புத்தாள் கொண்டு எண்ணின் மேல் தேய்ப்பதும் தவறு. எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தாலே போதும். துருவினால் எண் மங்கத் தொடங்கினால், முழுக்க மறையும் முன்பே உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அதன் நகலை வைத்துக்கொள்வது நல்லது.

ஆகவே மறைப்பது படத்தில் மட்டும். அதுவும் ஊருக்குப் போகும் படத்தில் மட்டும். வீட்டுக்கென்று ஒரு பதிவு முழுமையாக இருக்க வேண்டும். துப்பாக்கியின் எண், செய்தவர் பெயர், குழலின் நீளம், கட்டையில் உள்ள கீறல் அல்லது வெடிப்பு போன்ற தனி அடையாளங்கள், உரிம எண், உரிமம் முடியும் நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, தெளிவான இரண்டு படங்களை அச்செடுத்து, நிலப் பத்திரம் இருக்கும் பெட்டியில் வைக்க வேண்டும். துப்பாக்கி தொலைந்தாலோ திருட்டுப் போனாலோ உடனே அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் தெரிவிப்பது உரிமதாரரின் கடமை. அப்போது இந்தத் தாள் பெரிதும் கைகொடுக்கும். கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் விழிக்க வேண்டியிராது.

மறைக்கும் முறை

துப்பாக்கியின் படம் யாருக்கும் அனுப்பவே வேண்டாம் என்று சொல்லிவிடுவது எளிது. அதுவே சிறந்த வழியும்கூட. ஆயினும் சில நேரங்களில் படம் தேவைப்படும். விசை சிக்கிக்கொண்டது என்று உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் காட்ட வேண்டியிருக்கும். அனுபவமுள்ள ஒரு பெரியவரிடம் ஆலோசனை கேட்க வேண்டியிருக்கும். அப்படி அனுப்பும்போது பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

1. படம் எடுக்கும் முன்பே மறைக்க வேண்டும். எண் உள்ள இடத்தின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தையோ துணியையோ கட்டிவிட்டுப் படம் எடுப்பதே எல்லாவற்றிலும் பாதுகாப்பானது. படத்தில் இல்லாத எண்ணை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.

2. எடுத்த பிறகு மறைப்பதானால், முழுக் கறுப்புக் கட்டத்தால் மறைக்க வேண்டும். கைப்பேசியில் உள்ள மார்க்கர் பேனாவால் கிறுக்கினால், சில சமயம் மை மெல்லியதாக விழும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் உள்ள எண் தெரிந்துவிடும். மங்கலாக்குவதையும் முழுதாக நம்ப முடியாது. ஒரு வகைக் கைப்பேசியில், வெட்டி நீக்கிய பகுதியையே மீட்டுவிட முடியும் என்று 2023இல் கண்டறியப்பட்டுப் பின்னர் அது சரிசெய்யப்பட்டது. ஆகவே முதல் முறையே மேல்.

3. துப்பாக்கியை வெறும் தார்ப்பாயின் மேலோ சாக்கின் மேலோ வைத்து, அது மட்டும் தெரியும்படி எடுக்க வேண்டும். வீட்டு முகப்பு, கதவு எண், மின் இணைப்பு எண், வண்டி எண், கோயில், பள்ளி, பெயர்ப்பலகை எதுவும் பின்னணியில் இருக்கக் கூடாது. பழுதான பகுதியை மட்டும் கிட்டத்தில் எடுத்தால் இன்னும் நல்லது.

4. முகம் வேண்டாம். குழந்தைகள் கட்டாயம் வேண்டாம். குழந்தை கையில் துப்பாக்கியைக் கொடுத்துப் படம் எடுப்பது அழகும் அல்ல, பாதுகாப்பும் அல்ல.

5. கேமரா அமைப்பில் இடக்குறிப்பை நிறுத்திவிட வேண்டும். முகவரி அச்சாகும் செயலியை மானியப் படத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். ஏற்கனவே எடுத்த படத்தை அனுப்புவதானால், அதைத் திரையில் திறந்து 'ஸ்கிரீன்ஷாட்' எடுத்து அதை அனுப்பலாம். அதில் முதல் படத்துக்குள் பதிந்த இடக்குறிப்பு வராது.

6. உரிமப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தையும் குழுவில் போடக் கூடாது. அதிகாரி கேட்டால் அவருடைய அலுவலகத்தில் நேரில் காட்டலாம். அல்லது அரசின் விண்ணப்ப இணையதளத்தில் உரிய இடத்தில் பதிவேற்றலாம்.

7. எங்கே வைத்திருக்கிறோம், எத்தனை நாள் வெளியூர் போகிறோம் என்ற இரண்டையும் எந்தக் குழுவிலும் சொல்லக் கூடாது. வெளியூர்ப் படங்களைத் திரும்பி வந்த பிறகு போட்டால் குறைந்துவிடுவது ஒன்றுமில்லை.

8. பழைய படங்களையும் ஒரு முறை தேடிப் பார்த்து நீக்க வேண்டும். முகநூலில் ஐந்து ஆண்டுகளுக்கு முன் போட்ட படம் இன்றும் அங்கேயேதான் இருக்கும்.

இதைப் பெரியவர்களால் செய்ய முடியாது என்று ஒதுக்க வேண்டாம். வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளை இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அரைமணி நேரம் உட்கார்ந்தால் எல்லாம் முடிந்துவிடும். படத்தை வெளியே விடுவதும் பெரும்பாலும் அந்தப் பிள்ளைகள்தான் என்பதால், சொல்ல வேண்டியதும் அவர்களிடமே.

"தவறு செய்யாதவன் ஏன் மறைக்க வேண்டும்?"

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. உரிமம் இருக்கிறது, புதுப்பித்திருக்கிறேன், யாருக்குப் பயப்பட வேண்டும் என்பது அவர்கள் வாதம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் இங்கே யாரும் அரசிடம் எதையும் மறைக்கச் சொல்லவில்லை. போலீஸ் நிலையத்தில் எண் இருக்கிறது. மாவட்ட நிர்வாகத்தில் இருக்கிறது. நாடு முழுவதற்குமான உரிமப் பதிவேட்டிலும் இருக்கிறது. தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்கிறார்கள், ஒப்படைக்கிறோம். தெரிய வேண்டியவர்களுக்கு எல்லாம் தெரியும். தெரிய வேண்டாதவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்பதே பேச்சு. விதைநெல் மூட்டையை எந்த அறையில் வைத்திருக்கிறோம் என்று சந்தையில் நின்று சொல்பவர் யாரும் இல்லை. அதற்காக அது திருட்டு நெல் ஆகிவிடுமா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. விவரத்தை மறைப்பது குற்றத்தை மறைப்பதற்கான வழி என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். படத்தில் எண்ணை மறைத்தாலும் அது குற்றமே. அப்படி எங்கேனும் இருந்தால் முறைப்படி ஒப்படைத்துவிடுவதே குடும்பத்துக்கு நல்லது. உரிமம் இருக்கிறது என்பதற்காக விலங்கைச் சுட்டுவிடவும் முடியாது. காட்டுப்பன்றியும் மயிலும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. 2025 ஜனவரியில் தமிழக அரசு செய்த ஏற்பாட்டிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளைச் சுடும் பொறுப்பு வனத்துறையினரிடமே விடப்பட்டுள்ளது, விவசாயியிடம் தரப்படவில்லை. இந்த ஏற்பாடு போதுமா, போதாதா என்று விவசாயிகள் வாதாடலாம், வாதாடவும் வேண்டும். ஆனால் அது கிராம சபையிலும் குறைதீர் கூட்டத்திலும் செய்ய வேண்டிய வாதம். கல்யாண வீட்டில் வானத்தை நோக்கிச் சுட்டு வீடியோ எடுப்பவர்களும் கவனிக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி கொண்டாட்டத்துக்காகச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

குழு நடத்துவோரின் பொறுப்பும் அலுவலகங்களின் பொறுப்பும்

எல்லாச் சுமையையும் விவசாயியின் தோளிலேயே ஏற்றுவது நியாயமாகாது. ஓர் உழவர் குழுவில் 200 பேர், 300 பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் முன்பின் தெரியாதவர்கள். விதை வியாபாரியும் உண்டு, தரகரும் உண்டு. குழுவை நடத்துபவர், துப்பாக்கிப் படமோ உரிமப் பக்கமோ வந்தால் உடனே நீக்கிவிட்டு, அனுப்பியவரிடம் தனியாகப் பக்குவமாகச் சொல்ல வேண்டும். நான்கு பேர் முன்னால் கண்டிக்கத் தேவையில்லை.

அலுவலகங்களும் தங்கள் பழக்கத்தைச் சீர்செய்துகொள்ள வேண்டும். தேர்தல் நேரத்தில் துப்பாக்கி ஒப்படைக்க வேண்டியவர்களுக்குத் தனித்தனியாகத் தகவல் சொல்வதே முறை. பெயரும் ஊரும் எண்ணும் கொண்ட பட்டியலைப் பொதுக் குழுவில் போடுவது எந்த மட்டத்திலும் நடக்கக் கூடாது. உரிமத்தின் நகலை ஊழியரின் சொந்தக் கைப்பேசிக்கு அனுப்பு என்று கேட்பதும் சரியல்ல. ஊழியருக்கு வேலை சுலபமாகலாம். ஆனால் அந்தக் கைப்பேசி தொலைந்தால் பதில் சொல்வது யார்? கலிஃபோர்னியாவில் நடந்தது ஓர் அரசுத் துறையின் கையால்தான் என்பதை மறக்கக் கூடாது.

வேளாண் பயிற்சி முகாம்களிலும் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கலாம். பூச்சிமருந்தைக் கையாளும்போது கையுறை போடச் சொல்கிறோம். மின்மோட்டாருக்கு நிலக்கம்பி போடச் சொல்கிறோம். கைப்பேசியும் இன்று மண்வெட்டியைப் போல அன்றாடக் கருவியாகிவிட்டது. அதைக் கையாள்வதிலும் பாதுகாப்புமுறை சொல்லித்தர வேண்டாமா?

எல்லா விவசாயியிடமும் துப்பாக்கி இல்லை. இருப்பவர்கள் மிகச் சிலரே. இருந்தாலும் மேலே சொன்ன வழிகள் பட்டாவுக்கும், வங்கிப் புத்தகத்துக்கும், ஆதார் அட்டைக்கும் அப்படியே பொருந்தும். காட்டத் தேவையானவருக்கு, காட்டத் தேவையான அளவு மட்டும் காட்டுவது என்ற ஒரே விதிதான்.

துப்பாக்கி வைத்திருப்பவருக்கோ அந்த விதி இன்னும் கடுமையானது. ஏனென்றால் அவர் வீட்டுக் கவனக்குறைவுக்கு வேறொரு குடும்பம் உயிர் கொடுக்க நேரிடலாம். பயிரைக் காக்க வாங்கிய கருவியைக் காப்பதும் விவசாயியின் வேலைதான். அடுத்த ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கும் முன், குழலின் அடியில் இருக்கும் எண்ணின் மேல் ஒரு சிறு துணியைச் சுற்றிக் கட்டிவிட வேண்டும். அதன் பிறகு பிள்ளைகள் கைப்பேசியை எடுக்கட்டும்.